படித்துறையில் என் முகம்

1

பினாங்கில் சிரிக்க வைப்பதற்கும் பர்மிட் வாங்க வேண்டும். போன மாதம் ஒன்றாம் தேதி நம்முடைய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன அல்லவா? அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட இங்கேயுள்ள நாஞ்சில் நாட்டுக்காரர்கள் ஒரு கூட்டம் போட ஏற்பாடு செய்தார்கள். எல்லோரும் வந்தாலும் ஒரு பஸ் நிறையாது. பாட்டு, பேச்சு, பாயசம், கடைசியில் மாணிக்கத்தின் கோமாளி வேஷம் என்று முடிவாயிற்று. மாணிக்கம் நான்தான். பகலில் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் சாக்குகளுக்கு முத்திரை குத்துகிறேன்.

காட்டுக்குள் சண்டை நடக்கிற நாடு இது. நாலு பேர் கூடுவதென்றால் போலீஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கூட வேண்டும். எங்கள் சங்கத்துச் செயலாளர் குமாரசாமி வாத்தியார் ஒரு நீளமான விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மேடையில் பேசப்போவதை முழுவதும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அதற்குக் கீழே ஒரு கேள்வி: எந்த இனத்தையாவது, மதத்தையாவது, ஆளையாவது புண்படுத்தும் பகுதி உண்டா?

நான் பதினோரு நகைச்சுவைகள் எழுதிக் கொடுத்தேன். வாத்தியார் சிவப்புப் பென்சிலை எடுத்தார். சீனர் கடை போயிற்று. மலாய் கான்ஸ்டபிள் போனார். என்னுடைய வெள்ளைக்கார மேனேஜர் போனார். பாயசத்துக்குச் சர்க்கரை கொடுத்த செட்டியார் போனார். வாத்தியாரின் மனைவி பாடுவதைப் பற்றி ஒன்று எழுதியிருந்தேன், அதை இரண்டு முறை அடித்தார். கடைசியில் ஒரு கழுதைக் கதை மட்டும் மிஞ்சியது. அதையும் விடாமல், கழுதை என்று யாரை மனதில் வைத்து எழுதினீர் என்று கேட்டார்.

மிஞ்சிய கழுதையை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதி, வீட்டில் வள்ளிக்கு வாசித்துக் காட்டினேன். வள்ளிக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், தெருவில் மலாய், எதிர்வீட்டுப் பிள்ளையோடு சீனம். தமிழ் எங்களைக் கோபித்துக்கொள்வதற்கு மட்டும். அவள் பொறுமையாக முழுவதும் கேட்டுவிட்டு, "அப்பா, இதுல எந்த இடத்துல சிரிக்கணும்?" என்றாள்.

அடுக்களையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த என் மனைவி பகவதிதான் வழி சொன்னாள்.

"நம்ம படித்துறைக் கதையச் சொல்லுங்க. அதுல புண்பட்டது நீங்கல்லா? உங்களை நீங்களே சொன்னா எவன் தடுப்பான்?"

எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த கதை அது. மேடைக்காக யோசிக்கப் போய் மொத்தமும் ஞாபகம் வந்துவிட்டது. மேடையில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து ஊரிலுள்ளவர்களுக்கு எழுதுகிறேன்.

2

அப்போது நான் சுசீந்திரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் அங்கிருந்து மயிலாடி போகிற வழியில், ஒரு குளத்தங்கரையில் இருக்கிறது. ஊரில் ஒரு நாடக சபை. நான் அதில் பபூன்.

திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற பேச்சு சூடாக இருந்த காலம். தமிழில் யாராவது உரக்கப் பேசினாலே போலீஸுக்குக் காது நிமிர்ந்துவிடும். நாடகம் போட வேண்டுமென்றால் புத்தகத்தை ஸ்டேஷனில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பொங்கலுக்கு நாங்களும் ஒரு ராஜா கதையைத் தூக்கிக்கொண்டு போனோம்.

புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் வடக்கே கொல்லம் பக்கத்துக்காரர். தமிழை விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசிப்பார். ராஜா பேசுவதையும் ராணி அழுவதையும் தாண்டி ஓரிடத்தில் விரல் நின்றது. "பபூன் வந்து சமயத்துக்குத் தக்கபடி பேசி நகைப்பூட்டிப் போவான்." அவ்வளவுதான் எழுதியிருந்தது. புத்தகத்தில் ஐந்து இடங்களில் இதே வரி.

நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், பபூனுக்கு வசனம் எழுதுகிற வழக்கமே கிடையாது. வாசலில் வந்து நின்று போகும் சேவகனுக்குக்கூட இரண்டு வரி இருக்கும், பபூனுக்கு இருக்காது. வந்திருக்கிற ஆட்களைப் பார்த்து அவனே பேசிக்கொள்ள வேண்டும். கொல்லத்து மனிதருக்கு இது பிடிபடவில்லை.

"தக்கபடி எந்தா பேசுக?" என்று கேட்டார்.

"அது இப்பம் எனக்கே தெரியாது சாரே. ஆளுகளப் பாத்த பெறவுதான் வாயில வரும்" என்றேன்.

அவருக்கு அது பெரிய ஆபத்தாகத் தோன்றியிருக்க வேண்டும். அனுமதிச் சீட்டில் ஒரு நிபந்தனை எழுதினார்: புத்தகத்தில் எழுதாத ஒரு சொல்லும் மேடையில் பேசக்கூடாது. எனக்கோ ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. சட்டப்படி நான் ஊமையாகிவிட்டேன். ராஜா வேஷக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டேஷன் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். என் கொழுப்புக்கு அளவில்லாத வயது அது. வாயை அடைத்தால் முகம் இருக்கிறது, கை கால் இருக்கிறது என்று அவரைத் தேற்றி அழைத்து வந்தேன்.

3

பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம், அறுவடை முடிந்த வயலில் நாடகம். முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் இன்ஸ்பெக்டர், மடியில் எங்கள் புத்தகம். இன்னொன்றில் ஊர்ப் பெரிய பண்ணையார்.

நான் வாயைத் திறக்காமல் மேடைக்கு வந்தேன். பண்ணையார் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரப்பில் நடப்பதுபோல் நடந்தேன். சிரிப்பு. அடுத்த முறை வந்தபோது ஒரு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து, விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி, திடுக்கிட்டு நிமிர்ந்து மீசையைத் தடவினேன். ஜனங்கள் வைக்கோலில் விழுந்து புரண்டார்கள். இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். ஒரு சொல்லும் பேசவில்லையே, என்ன செய்வார்? பிறகு அவரும் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சிரிப்பை ஒரு தடவை ருசி பார்த்தவனுக்கு நிறுத்தத் தோன்றாது. மூன்றாவது முறை வெளியே வந்து, வேறு யார் கிடைப்பார்கள் என்று கண்ணை ஓட்டினேன். இரண்டாம் வரிசையில் மயிலாடி தங்கவேலு ஆசாரி உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்துக் கோயில்களுக்கெல்லாம் சிலை செய்து கொடுப்பவர். பல வருஷங்களுக்கு முன்னால் கல்லுச் சில்லு தெறித்து இடது கண் போய்விட்டது. அந்த இமை எப்போதும் மூடியே இருக்கும். நல்ல கண்ணை வேலையின் பக்கம் திருப்பியே வைத்திருந்ததால் கழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

நான் ஒரு கண்ணை மூடினேன். கழுத்தைச் சாய்த்தேன். இல்லாத உளியைப் பிடித்து இல்லாத கல்லைக் கொத்தினேன். கண்ணில் ஏதோ தெறித்ததுபோல் துள்ளினேன்.

அந்த நாடகத்திலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான். ஆசாரி எழுந்து போகவில்லை. கடைசிவரை இருந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் ஓரிருவர், அது சரியில்லை மக்கா என்றார்கள். "நான் பேரு சொன்னேனா? வாயே தொறக்கலியே" என்று பதில் சொன்னேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று இப்போது எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தெரிந்தேதான் செய்தேன்.

4

நடுவில் பினாங்குக் கதையை முடித்துவிடுகிறேன். படித்துறைக் கதையைச் சுருக்கி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு, வள்ளியையும் கூட்டிக்கொண்டு போலீஸ் நிலையம் போனேன். புண்படும் ஆள் உண்டா என்ற கேள்விக்கு "உண்டு, நானே" என்று எழுதியிருந்தேன். மலாய்க்கார சார்ஜண்ட் அதை வெகுநேரம் பார்த்தார். புண்படுகிறவர் உண்டென்றால் அவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். "போட்டுருதேன் சாரே" என்றேன். எந்த அதிகாரியைக் கண்டாலும் எனக்கு வாயில் சாரே என்றுதான் வரும், எந்தப் பாஷை பேசினாலும் வரும். வள்ளி வெட்கப்பட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டாள். வேஷக்காரன் என்று ஒரு கையெழுத்தும் புண்பட்டவன் என்று ஒரு கையெழுத்தும் போட்டேன். இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றனவே என்று சந்தேகப்பட்டுக்கொண்டே சார்ஜண்ட் பர்மிட்டில் சீல் குத்தினார்.

எனக்கு இந்தப் பர்மிட்டுகள் மேல் இன்றைக்கும் மரியாதை கிடையாது. கொல்லத்து இன்ஸ்பெக்டர் ஆகட்டும், சிவப்புப் பென்சில் வாத்தியார் ஆகட்டும், அவர்கள் காப்பாற்றுவது தங்களுக்கு மேலே இருக்கிறவர்களை. ஆசாரியின் கண்ணைப் பற்றி எந்தப் பாரத்திலும் ஒரு வரி இல்லை. என்னைத் தடுக்கக் கூடியவரைக் கேலி செய்தேன், அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார். அது வீரம் என்று வைத்துக்கொள்ளலாம். தடுக்க முடியாதவரைக் கேலி செய்ததற்கு என்ன பெயர் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிய மூன்று மாதம் ஆயிற்று.

5

சித்திரையில் எங்கள் குளத்துக்குப் புதுப் படித்துறை கட்டினார்கள். மேல்வாய்க்கால் தண்ணீர் வந்து விழுகிற இடத்தில் ஒரு கல்முகம் வைப்பது வழக்கம். தண்ணீர் அதன் வாய் வழியாகக் கொட்டும். எல்லா ஊரிலும் சிங்க முகம்தான் இருக்கும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் புத்திசாலிகள் அல்லவா, "சிங்கம் வேண்டாம் ஆசாரி, உமக்குத் தோணினத செய்யும்" என்று தங்கவேலு ஆசாரியிடம் சொல்லிவிட்டார்கள். அவருக்குத் தோன்றியதைச் செய்தார்.

கடையிலிருந்து வந்து பார்க்கிறேன், படித்துறையில் கூட்டம். சுவரிலிருந்து என் முகம் நீட்டிக்கொண்டிருக்கிறது. முன்னால் தள்ளிய என் மேல்பல், விரிந்த என் காது, சேர்ந்த என் புருவம், துருத்திய இரண்டு கண். வாய் காதுவரை பிளந்திருக்கிறது, அதன் வழியாக ஊருக்கே தண்ணீர் கொட்டுகிறது. அப்பேர்ப்பட்ட வேலைப்பாடு. என் கன்னத்து மருவைக்கூட விடவில்லை.

அதற்குப் பிறகு நான் நிம்மதியாகக் குளித்ததில்லை.

"ஏலே மாணிக்கம், உன் வாய்க்குள்ள தவளை கெடக்கு, எடுக்கட்டா?"

"ஏட்டி, நில்லு. அந்தாளு வாயில ஒரு குடம் புடிச்சுட்டு வாறேன்."

மயிலாடிக்கு ஓடினேன். ஆசாரி ஒரு நந்திக்குக் கொம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஆசாரியாரே, படித்துறையில வச்சிருக்கேரே, அது யாரு முகம்?"

"கல்லு."

"என் முகம்லா அது?"

"உம்ம பேரு எங்கயாவது வெட்டியிருக்கா தம்பி?" என்றார். பொங்கல் கழிந்து நான் ஊரெல்லாம் சொன்ன பதில் அது. வந்த வழியே திரும்பினேன்.

வெறும் கேலி என்றால் கொஞ்ச நாளில் ஓய்ந்துவிடும் என்று இருந்திருப்பேன். அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது. பெண்ணுக்கு ஊர் இரணியல். தகப்பனார் இல்லாத பெண், தாய்மாமன்தான் எல்லாம். ஜாதகம் பொருந்தி, அவர்கள் எங்கள் வீடு பார்க்க வர வேண்டியதுதான் பாக்கி. பஸ் வந்து நிற்கிற இடம் சரியாகப் படித்துறைக்கு எதிரே. பஸ்ஸை விட்டு இறங்குகிற மாமன் முதலில் பார்க்கப்போவது தண்ணீர் கக்குகிற மாப்பிள்ளையை. பெண்ணின் போட்டோவை நான் ஏற்கெனவே ஜவுளிக்கடை மேசை இழுப்பறையில் வைத்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்க்கிற நிலைமையில் இருந்தேன். அவர்கள் வருவதற்குள் அந்தக் கல்லை எடுத்தாக வேண்டும்.

ஆகவே, வாயை அடைத்தவர்களை ஊர் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்த நான், ஒரு கல்லின் வாயை அடைக்கச் சொல்லிப் போலீஸுக்கு மனு எழுதினேன். தமிழில் எழுதியதை ஸ்டேஷனில் வாங்கவில்லை, மலையாளத்தில் வேண்டும் என்றார்கள். நாகர்கோவிலில் ஒரு மனு எழுதுகிறவரிடம் போனேன். "சிரிச்சதுல உமக்கு என்ன நஷ்டம்? மனுவுல ஒரு நஷ்டம் காட்டணும்" என்றார். மானம் என்றேன். அது போதாது என்று, பொது ஒழுங்கு, குடிதண்ணீர்ச் சுத்தம், மாடு மிரளுதல் என்று அவரே மூன்று காரணங்களைச் சேர்த்தார். மனு இரண்டு மேசைகளைத் தாண்டி இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வந்து பார்வையிடுவதாக உத்தரவு வந்தது.

பெண் வீட்டார் அடுத்த வாரம் புதன்கிழமை வருவதாக இருந்தது. அது நாள் சரியில்லை, இந்த வெள்ளியே வருகிறோம் என்று அவர்கள் கார்டு போட்டிருந்தார்கள். அந்தக் கார்டு சனிக்கிழமைதான் கிடைத்தது.

6

வெள்ளிக்கிழமை படித்துறையில் ஊரே கூடியிருந்தது. இன்ஸ்பெக்டர், எழுத ஒரு கான்ஸ்டபிள், எதிர்த்தரப்பாகத் தங்கவேலு ஆசாரி. ஆசாரி கையில் எப்போதும்போல் உளிப்பை.

"மனுக்காரன் கல்லின்றெ அடுத்து நில்லு" என்றார் இன்ஸ்பெக்டர். நின்றேன். என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "வாய் நல்லோணம் திறக்கணும். ஒத்துப் பார்க்கணுமே."

திறந்தேன். "இன்னும்" என்றார். காதுவரை பிளந்தேன். கண்ணையும் துருத்த வேண்டியதாயிற்று. பக்கத்தில் கல் தண்ணீரைக் கொட்டுகிறது, இங்கே நான் வெறும் வாயோடு நிற்கிறேன். கூட்டம் சிரித்த சிரிப்பில் படித்துறைப் புறாக்கள் எழுந்து பறந்தன. கான்ஸ்டபிள் எழுத முடியாமல் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் எதிரே பஸ் நின்றது. வெள்ளை வேட்டியும் குடையுமாக ஒரு பெரியவர் இறங்கினார், பின்னால் பட்டுச்சேலையில் இரண்டு பெண்கள், கையில் பழத்தட்டு. என் அப்பா அவரைப் பார்த்து, "ஐயோ, இரணியல்காரங்க" என்றார். பெண்ணின் தாய்மாமன் நேராகக் கூட்டத்துக்குள் வந்து நின்றார். நான் வாயை மூடினேன். மூடியும் பயனில்லை, பார்த்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் சட்டத்துக்கு வந்தார். "சொல்லு. இது தன்றெ முகம் தன்னெயோ?"

ஆமாம் என்றால் மாமன் முன்னால் நானே ஒப்புக்கொண்டதாகும். இல்லை என்றால் மனு தள்ளுபடி, கல் காலத்துக்கும் இருக்கும். நான் பொது ஒழுங்கு என்றேன், குடிதண்ணீர் என்றேன், மாடு மிரளுகிறது என்றேன். ஆசாரி முதல்முறையாகக் குறுக்கே பேசினார்.

"சாரே, பொங்கலுக்கு மறுநாளு எனக்கும் வலிச்சுது. எம் மகன் பக்கத்துல இருந்தான். அவனும் சிரிச்சான். அதான் ரொம்ப வலிச்சுது. நான் மனு குடுக்கல. இவரு மாடு மிரளுதுங்காரு. மாடு வந்து சொல்லிச்சா? இவருக்கு வலிச்சுதுன்னா இவரு வாயால சொல்லட்டும். இந்நேரமே வெட்டி எறிஞ்சிருதேன்."

ஆசாரியின் மகன் படியில் தலை குனிந்து நின்றான். நான் மானம், சட்டம், ஒழுங்கு என்று என்னென்னவோ எழுதியிருந்தேன். ஆசாரி கேட்ட அந்த ஒரு சொல் மனுவில் இல்லை.

"வலிக்குது ஆசாரியாரே" என்றேன். "அன்னைக்கு நான் தெரிஞ்சுதான் செஞ்சேன். உமக்கு இப்பிடித்தான் இருந்திருக்கும்."

கோமாளி வலிக்குது என்று நின்றால் பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஆசாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். உளி விழுகிற சத்தம் கேட்டது. என் பல் போகிறதா, காது போகிறதா என்று பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம் இருக்கும். சத்தம் நின்றது.

பல் அப்படியே இருந்தது. காது இருந்தது. துருத்திக்கொண்டிருந்த இடது கண்ணை மட்டும் சீவி, இமையை இறக்கி, குறுக்கே ஒரு கோடு இழுத்து மூடிவிட்டிருந்தார். என் வாயும் அவர் கண்ணுமாக அந்த முகம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது.

"இனி சிரிக்கவன் ரெண்டு பேரையும் சேத்துச் சிரிக்கட்டும்" என்றார். முதலில் சிரித்தது அவர்தான். அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு நான் சிரித்தேன், பிறகு ஊர். இன்ஸ்பெக்டர் சமாதானம் ஆயிற்று என்பதற்கு "ராஜி" என்று ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, போகும்போது தானும் ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடித்தார்.

7

இரணியல் மாமன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பருப்பு, அவியல், இரண்டு பாயசம் எல்லாம் சாப்பிட்டார். படித்துறை பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, சிரிக்கவும் இல்லை. மூன்று மணி பஸ்ஸில் கிளம்பிவிட்டார். போனது போனதுதான் என்று நான் போட்டோவை இழுப்பறையிலிருந்து எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். எட்டாம் நாள் சம்மதம் என்று கடிதம் வந்தது. காரணம் எதுவும் எழுதவில்லை.

அவர் எப்படிச் சம்மதித்தார் என்று எட்டு வருஷமாக எனக்கு விளங்கவில்லை. ஜாதகம் அவ்வளவு நன்றாகப் பொருந்தியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் குறிப்பை இதுவரை எழுதி பகவதிக்கு வாசித்துக் காட்டினேன். வள்ளியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "மாமா அன்னைக்கு வீட்டுக்கு வந்து உன்கிட்ட என்னதான் சொன்னாரு?" என்று கேட்டேன்.

"மாமா செருப்பைக் கூடக் கழத்தல. முற்றத்துல நின்னே சொன்னாரு" என்றாள் பகவதி. "ஆளு பாக்கதுக்குச் சுமார்தான், மக்கா. ஆனா ஊரு முழுக்க நிக்கையில, பொண்ணு வீட்டுக்காரன் முன்னால, வலிக்குதுன்னு வாய்விட்டுச் சொல்லுகான். இவன் வீட்டுல நீ ஒரு மூலையில இருந்து அழுதா, என்னட்டி ஆச்சுன்னு வந்து கேப்பான். கெட்டிக்கோன்னாரு. நானும் சரின்னுட்டேன்."